வீட்டுத் தோட்டத்தில் பலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத் தோட்டத்தில் பலாக்கன்று நட்டவர்களும் நட விரும்புகிறவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய ஐயங்கள் முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன. ஓரிடத்தில் விளக்கியதை இன்னோரிடத்தில் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருக்கிறேன்.

1. எங்கள் பகுதியின் தட்பவெப்பத்தில் பலா வருமா?

பலாவின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகள். வெப்பமும் காற்றில் ஈரமும் ஆண்டின் பெரும்பகுதியில் கிடைக்கும் எந்த இடத்திலும் அது சிரமமின்றி வளரும். வறட்சியை ஓரளவு தாங்கினாலும், குளிரை அது தாங்குவதில்லை. வெப்பநிலை 0 பாகை செல்சியசுக்கு இறங்கினால் இலைகள் கருகும். அதற்கும் கீழே 2 பாகை இறங்கினால் கிளைகளும், சில வேளைகளில் மரமுமே பட்டுப்போகும். உறைபனி விழாத இடமாக இருந்தால் தயங்காமல் நடலாம்.

2. கொஞ்சம் இடம்தான் இருக்கிறது. பலா பெரிய மரமாகி வீட்டையே மறைத்துவிடும் என்கிறார்களே?

கவாத்து செய்யாமல் விட்டால் பலா 30 முதல் 60 அடி வரை உயரும். கிளையும் அதற்கேற்பப் பரவும். ஆனால் கன்றாக இருக்கும்போதே உயரத்தைக் கட்டுப்படுத்தத் தொடங்கினால் 10 முதல் 12 அடிக்குள் அடக்கி, ஏணியில்லாமல் காய் பறிக்கும்படி வளர்க்க முடியும். அதற்கான முறை 12-ஆம் கேள்வியில் இருக்கிறது.

சுவரிலிருந்தும் அடுத்த பெரிய மரத்திலிருந்தும் 25 அடி விட்டு நடுவது நல்லது. தவறாமல் கவாத்து செய்வீர்கள் என்றால் 15 அடி கூடப் போதும். நடைபாதைக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் மேலே கிளை நீளும்படியாக மட்டும் நட வேண்டாம். பத்துக் கிலோ எடையுள்ள பழம் தானாகக் காம்பு அற்று விழும் மரம் இது.

3. எங்கள் மண் களிமண். அதில் நடலாமா?

பலாவைப் பொறுத்தவரை மண்ணின் வளத்தைவிட வடிகால்தான் முக்கியம். செம்மண், மணல் கலந்த வண்டல், சரளை மண் எல்லாவற்றிலும் இம்மரம் வளர்கிறது. ஆனால் வேரைச் சுற்றி இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றால் அந்த வேர் மூச்சுவிட முடியாமல் அழுகுகிறது. வீட்டுத் தோட்டங்களில் இளம் பலாக்கன்றுகள் சாவதற்கு வெயிலும் பூச்சியும் காரணமாவதைவிட, தேங்கிய நீர் காரணமாவதே அதிகம்.

நடுவதற்கு முன் ஓர் எளிய சோதனை செய்துபாருங்கள். தேர்ந்தெடுத்த இடத்தில் 2 அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, நீர் நிரப்பி வடிய விடுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் மறுநாளும் குழியில் நின்றால் அந்த இடத்தில் தரைமட்டத்தில் நடக் கூடாது. அங்கே 2 முதல் 3 அடி உயரமும் 8 அடிக்குக் குறையாத அகலமும் உள்ள மேடு கட்டி, அதன் உச்சியில் நட வேண்டும்.

இறுகிய களிமண்ணில் ஆழக் குழி தோண்டி அதில் மட்கும் மணலும் நிரப்பி நடுகிறவர்கள் பலர். சுற்றியுள்ள களி நீரை உறிஞ்சாததால் அந்தக் குழி ஒரு வாளியைப் போல மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. களிமண் நிலத்தில் மேடு கட்டுவதைத் தவிர நம்பகமான வேறு வழியில்லை.

4. சாப்பிட்ட பழத்தின் கொட்டையை நட்டால் அதே சுவையில் பழம் கிடைக்குமா?

கிடைக்கும் என்று நம்பி நடக் கூடாது. பலாவில் அயல் மகரந்தச் சேர்க்கை நடப்பதால் ஒவ்வொரு கொட்டையும் ஒரு புதிய மரம். தாய் மரம் வருக்கையாக இருந்தும் கன்று கூழனாகப் போவதுண்டு. வருக்கை என்பது சுளை தடித்து, கடிக்கும்போது முறுக்கென்று இருக்கும் வகை. கூழன் என்பது சுளை மென்மையாகவும் நாராகவும் குழைந்து போகும் வகை. ஏழெட்டு ஆண்டு காத்திருந்த பிறகே எது வாய்த்தது என்று தெரியவரும்.

ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் ஒட்டுக்கன்று வாங்குங்கள். இடம் தாராளமாக இருந்து, பொறுமையும் இருந்தால் கொட்டையிலிருந்து வளர்ப்பதில் ஓர் ஆதாயம் உண்டு: ஆணிவேர் இடையூறின்றி ஆழமாக இறங்குவதால் அந்த மரம் காற்றையும் வறட்சியையும் நன்றாகத் தாங்கும்.

5. கொட்டையைக் கழுவிக் காயவைத்து எடுத்துவைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. ஏன்?

காயவைத்ததுதான் காரணம். நெல்லையோ அவரையையோ போல உலர்ந்த நிலையில் உயிரைத் தக்கவைத்துக்கொள்ளும் விதை அல்ல இது. உள்ளே இருக்கும் ஈரம் குறையக் குறைய முளைப்புத்திறனும் போய்விடுகிறது. ஈரப்பதமாக வைத்திருந்தாலும் ஒரு மாதத்துக்குமேல் நம்ப முடியாது.

பழத்திலிருந்து எடுத்த சில நாட்களுக்குள் விதைத்துவிடுங்கள். மேலே வழுவழுப்பாக ஒட்டியிருக்கும் தோலைக் கழுவி நீக்கி, பெரிய கொட்டைகளாகப் பொறுக்கி, ஒரு நாள் நீரில் ஊறவைத்து, விரற்கடை ஆழத்தில் படுக்கவைத்து மூடினால் போதும். 3 முதல் 8 வாரங்களுக்குள் முளை வெளிவரும். நேரடியாக நிலத்திலேயே இரண்டு மூன்று கொட்டைகளை ஊன்றி, நன்றாக வருவதை மட்டும் விட்டுவைப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. பையில் முளைக்கவைப்பதானால் பை ஆழமாக இருக்கட்டும். நான்கு இலை வந்ததும் நிலத்துக்கு மாற்றிவிடுங்கள்.

6. நர்சரியில் ஒட்டுக்கன்று வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் வேரைப் பாருங்கள், பிறகு இலையைப் பாருங்கள். பையின் அடியில் துளை வழியாகத் தடித்த வேர் வெளியே வந்து தரையில் பிடித்திருந்தால், அந்தக் கன்று பையில் நெடுநாள் இருந்துவிட்டது என்று பொருள். அதன் ஆணிவேர் அடியில் வட்டமாகச் சுருண்டிருக்கும். சுருண்ட வேர் நிலத்துக்கு வந்த பிறகும் நேராவதில்லை. ஏழாம் எட்டாம் ஆண்டில் பெருங்காற்றில் மரம் வேரோடு சாய்வதற்கு அது காரணமாகிறது. நான்கடிக் கன்றைவிட, வேர் சுருளாத இரண்டடிக் கன்றே மேலானது.

அடுத்து ஒட்டுப் பகுதி. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் ஒட்டு இணைந்த தழும்பு தெரிய வேண்டும். அங்கே வெடிப்போ வீக்கமோ இருக்கக் கூடாது. ஒட்டுக்கு மேலே குறைந்தது ஒருமுறையாவது புதுக்கொழுந்து விட்டு முற்றியிருக்க வேண்டும். நட்ட பிறகும் ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிர்களை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். விட்டுவிட்டால் ஒட்டுக்குக் கீழே உள்ள வேர்க்கன்று மேலோங்கி, நீங்கள் விரும்பி வாங்கிய ரகம் மடிந்துவிடும்.

7. கன்றின் இலைகளில் பிளவு இருக்கிறது. பலா என்று சொல்லி சீமைப்பலாவைக் கொடுத்துவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. இளம் பலாக்கன்றிலும், வெட்டிய இடத்திலிருந்து வீரியமாகக் கிளம்பும் துளிரிலும் இலைகள் இரண்டு மூன்று மடல்களாகப் பிளந்து காணப்படுவது இயல்பு. மரம் முதிரும்போது பிளவில்லாத, தடித்த, பளபளக்கும் நீள்வட்ட இலைகளே வரும். சீமைப்பலாவின் இலை அப்படியல்ல. அது பல மடங்கு பெரியது, விரல்களை விரித்தாற்போல் ஆழமாகப் பிளந்தது, முதிர்ந்த பிறகும் அப்படியே இருக்கும்.

8. குழி எவ்வளவு பெரிதாக எடுக்க வேண்டும்? எப்படி நட வேண்டும்?

வடிகால் நன்றாக உள்ள மண்ணில் 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம் உள்ள குழி போதும். இரண்டு வாரம் ஆறப்போட்டு, மேல்மண்ணோடு 10 கிலோ நன்கு மட்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். மட்காத சாணத்தைப் போட்டால் அது புளிக்கும் சூட்டில் இளவேர் வெந்துவிடும்.

மழைக்காலத் தொடக்கம் நடுவதற்கு ஏற்ற காலம். பையைக் கத்தியால் கீறி எடுங்கள். கன்றின் தண்டைப் பிடித்து இழுக்க வேண்டாம். மண்ணுருண்டை உடைந்தால் பலாக்கன்று பிழைப்பது அரிது. பையில் இருந்த அதே ஆழத்தில், ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே நிற்கும்படி நட்டு, குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். முதல் ஆண்டு கடும் வெயிலில் மேற்குப் பக்கம் சிறு நிழல் கொடுப்பது நல்லது. அதன் பிறகு முழு வெயில் வேண்டும்.

9. தினமும் தண்ணீர் ஊற்றலாமா?

வேண்டாம். முதல் ஆண்டில், மழையில்லாத நாட்களில், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஆழமாக நனையும்படி ஊற்றினால் போதும். ஊற்றுவதற்கு முன் இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலால் தோண்டிப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று ஊற்ற வேண்டியதில்லை. மூன்று நான்கு ஆண்டுக்குப் பிறகு, பூ வரும் காலத்திலும் காய் பருக்கும் காலத்திலும் வறட்சி வந்தால் மட்டும் நீர் தேவைப்படும். அப்போது கொடுக்காவிட்டால் பிஞ்சு உதிரும். வறண்டிருந்துவிட்டுத் திடீரென்று பெருமழை பெய்தால் முற்றிய காய் வெடிப்பதும் உண்டு.

காய்ந்த சருகை அடியில் மூடாக்காகப் பரப்புங்கள், ஆனால் அடிமரத்தை ஒட்டிக் குவிக்காமல் ஓர் அடி தள்ளிப் பரப்புங்கள்.

10. என்ன உரம், எவ்வளவு போட வேண்டும்?

முதல் ஆண்டில் 10 கிலோ தொழுவுரம் என்று தொடங்கி, ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே போய், காய்க்கும் மரத்துக்கு 50 கிலோ வரை கொடுக்கலாம். மழைக்காலத்தின் தொடக்கத்திலும் இறுதியிலும் இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. அடிமரத்தின் அருகே கொட்டுவதில் பயனில்லை. உணவை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் கிளை விரிந்திருக்கும் எல்லைக்கு நேர் கீழே இருப்பதால், அங்கே வட்டமாகக் கீறி இட்டு மூடுங்கள்.

காய்க்கத் தொடங்கிய மரத்துக்குச் சாம்பல் சத்து அதிகம் வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் இலைதான் பெருகும். புதிய இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மற்ற இடம் வெளிறினால், உரம் போதாது என்று எண்ணி மேலும் மேலும் கொட்ட வேண்டாம். சுண்ணாம்புத் தன்மை மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து கிடைக்காமல் போவதன் அறிகுறி அது. மட்கு உரத்தைக் கூட்டி, இரும்புச் சத்தை இலைவழியே தெளிப்பதுதான் தீர்வு.

11. நட்டு எத்தனை வருடத்தில் காய்க்கும்?

ஒட்டுக்கன்று 3 முதல் 5 ஆண்டுகளில் காய்க்கும். கொட்டையிலிருந்து வளர்ந்த மரத்துக்குப் பொதுவாக 7 அல்லது 8 ஆண்டுகள் ஆகும், இன்னும் தாமதிப்பதும் உண்டு. சிங்கப்பூர் பலா எனப்படும் வகை இதற்கு விலக்கு. அது கொட்டையிலிருந்து வந்தாலும் மூன்றாம் ஆண்டு வாக்கில் காய்த்துவிடும்.

12. மரத்தை உயரம் போகாமல் எப்படி வைத்துக்கொள்வது? நுனியை வெட்டினால் காய்க்காது என்று சொல்கிறார்களே.

நுனியில் காய்க்கும் மரங்களுக்குத்தான் அந்த அச்சம் பொருந்தும். பலா அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் காய்ப்பது. ஆகவே உச்சியை வெட்டுவதால் காய்க்கும் இடம் குறைவதில்லை. மாறாக, உள்ளே வெளிச்சம் இறங்கி அடிமரம் நன்றாகக் காய்க்கிறது.

கன்று 8 அடியைத் தாண்டியதும் நடுத்தண்டை வெட்டிவிடுங்கள். பக்கக் கிளைகள் கிளம்பும்போது, வெவ்வேறு திசையிலும் வெவ்வேறு உயரத்திலும் உள்ள நான்கைந்தை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்குங்கள். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் பழம் பறித்து முடிந்ததும் நேராக மேல்நோக்கிப் போகும் கிளைகளையும், உட்புறம் அடர்ந்தவற்றையும் எடுத்து வந்தால், 10 அடி மரமாகவே அது பல ஆண்டுகள் நிற்கும். ஒரே தடவையில் இலைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வெட்ட வேண்டாம்.

பறித்த பிறகு அடிமரத்தில் தொங்கும் பழைய காய்க்காம்புகளையும் கவனியுங்கள். அவற்றை மரத்தை ஒட்டிச் சிறு கணு மட்டும் நிற்கும்படி வெட்டினால், அடுத்த பருவத்தில் அதே இடத்திலிருந்து புதிய பூந்துளிர்கள் கூடுதலாக வரும். கணுவையே பட்டையோடு சேர்த்துச் செதுக்கிவிட்டால் அந்த இடம் மலடாகிவிடும்.

13. பிஞ்சு நிறைய வருகிறது, ஆனால் எல்லாம் விரல் அளவிலேயே கறுத்து உதிர்கிறது. என்ன நோய்?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விட அதிகமாக வருகிறது. பெரும்பாலும் அது நோயே அல்ல. உதிர்பவை பிஞ்சுகள் அல்ல, ஆண் பூக்கதிர்கள். பலாவில் ஆணும் பெண்ணும் தனித்தனிக் கதிர்களாக ஒரே மரத்தில் வருகின்றன. ஆண் கதிர் தன் மகரந்தத்தைக் கொட்டி முடித்ததும், பூசணம் படர்ந்து கறுத்து விழுவது அதன் இயல்பு. முதன்முதலாகப் பூக்கும் இளமரம் ஓரிரு ஆண்டு ஆண் கதிர்களை மட்டுமே தள்ளுவதும் உண்டு.

அருகே போய்ப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஆண் கதிரின் காம்பு மெலிந்திருக்கும். மேற்பரப்பு ஏறக்குறைய மழமழப்பாக இருந்து, பிறகு மஞ்சள் தூள் தூவினாற்போல் மகரந்தம் படியும். முகர்ந்தால் இனிய மணம் வரும். மெல்லிய கிளைகளிலும் அவை நிறையத் தோன்றும். பெண் கதிர் அடிமரத்திலோ தடித்த கிளையிலோ, பருத்த காம்பில் நிற்கும். காம்பு கதிரைச் சேரும் இடத்தில் தடித்த பச்சை வளையம் ஒன்று தெளிவாகத் தெரியும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். மகரந்தம் ஏற்கும் பருவத்தில் மயிரிழை போன்ற சூல்முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும்.

பச்சை வளையத்தோடு கூடிய உண்மையான பிஞ்சே கறுத்து, அதன்மேல் சாம்பல் நிறப் பூசணம் பஞ்சாகப் படர்ந்தால் அது அழுகல் நோய்தான். மழைக்காலத்தில் காற்றோட்டமற்ற மரங்களில் அது விரைவாகப் பரவும். தாக்குண்ட பிஞ்சுகளையும், கீழே விழுந்து கிடக்கும் கறுத்த கதிர்களையும் அன்றன்றே பொறுக்கி ஆழப் புதையுங்கள். நல்ல பிஞ்சைத் தொட்டுக்கொண்டிருக்கும் கறுத்த ஆண் கதிரை எடுத்துவிடுங்கள். 12-ஆம் விடையில் சொன்ன கவாத்துதான் இதற்கும் நிலையான மருந்து.

14. ஒரே ஒரு மரம் வைத்தால் காய்க்குமா? ஆண் மரம், பெண் மரம் என்று உண்டா?

பலாவில் ஆண் மரம், பெண் மரம் என்ற பிரிவு இல்லை. தனி மரமே காய்க்கும். ஆனால் ஒரே மரத்தில் ஆண் கதிர்கள் முந்தியும் பெண் கதிர்கள் பிந்தியும் வரும்போது மகரந்தம் கிடைக்காமல் போகலாம். அக்கம்பக்கத்தில் இன்னொரு பலா இருந்தால் அந்தக் குறை நீங்கும்.

மகரந்தத்தைக் காற்று சுமந்து செல்கிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆண் கதிர்களை நாடி வரும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு ஈ ஒன்று இந்த வேலையைச் செய்வது 2018-இல் விவரிக்கப்பட்டது. பூக்கும் காலத்தில் மரத்தின்மேல் பூச்சிமருந்து அடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்காததற்கு இந்தச் சிற்றுயிர்தான் காரணம். வீணாகத்தானே விழப்போகிறது என்று ஆண் கதிர்களைப் பச்சையிலேயே கிள்ளி எறிவதும் தவறு.

15. மரம் செழிப்பாக இருக்கிறது, பத்து வருடமாகியும் காய்க்கவில்லை. அடிமரத்தில் ஆணி அடித்தால் காய்க்கும் என்கிறார்கள். செய்யலாமா?

செய்ய வேண்டாம். ஆணி அடிப்பதும் பட்டையைக் கொத்துவதும் மரத்தை அச்சுறுத்தி ஒருமுறை பூக்கவைத்தாலும், அந்தக் காயம் வழியே பூசணமும் தண்டுத் துளைப்பானும் உள்ளே புகுந்து, 21-ஆம் கேள்வியில் சொல்லப்படும் நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

காரணத்தைத் தேடுங்கள். கொட்டையிலிருந்து வந்த மரமானால் இன்னும் ஓரிரு ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கலாம். அடிமரத்தில் நாள் முழுதும் நிழல் விழுகிறதா, தழைச்சத்து உரம் கூடுதலாகப் போகிறதா, ஆண்டுதோறும் கடுமையாக வெட்டப்படுகிறதா என்று பாருங்கள். உள்கிளைகளை மட்டும் நீக்கி அடிமரத்தில் வெளிச்சம் படச் செய்து, தழைச்சத்தைக் குறைத்து, மழைக்காலம் முடிந்தபின் சில வாரம் நீர் விடாமல் இருந்தால் பெரும்பாலான மரங்கள் பூத்துவிடும்.

16. ஒரே கொத்தில் நான்கைந்து பிஞ்சு நிற்கிறது. எல்லாவற்றையும் விட்டுவைக்கலாமா?

மனம் வராதுதான், ஆனாலும் குறைத்தே ஆக வேண்டும். ஒரு கொத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். முதல்முறை காய்க்கும் மரத்தில் மொத்தமாகவே இரண்டு மூன்று காய்களுக்குமேல் விட வேண்டாம். நீண்டு நேரான வடிவமும் தடித்த காம்பும் உள்ள பிஞ்சை நிறுத்திவிட்டு, கோணலானதையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருப்பதையும் எடுத்துவிடுங்கள். எடுத்த மூசு சமையலுக்கு ஆகும், வீணாவதில்லை.

17. காயில் சிறு ஓட்டையும் அதைச் சுற்றிப் புழுக்கழிவும் இருக்கிறது. என்ன செய்வது?

அது தண்டு மற்றும் காய்த் துளைப்பானின் வேலை. இளந்தண்டையும் பிஞ்சையும் துளைத்து உள்ளே இருந்து தின்னும் புழு இது. இரண்டு காய்கள் ஒட்டியிருக்கும் இடுக்கிலும், காயும் மரமும் தொடும் இடத்திலும்தான் பெரும்பாலும் நுழைகிறது; 16-ஆம் விடையில் பிஞ்சைக் குறைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓட்டை விழுந்த பிஞ்சையும் வாடிய கொழுந்தையும் வெட்டி அழித்துவிடுங்கள். மற்றவற்றை, காய் ஒரு தேங்காய் அளவு ஆனதும், காற்றுப் புகும் சாக்காலோ நெருக்கமான வலையாலோ பை தைத்து மூடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை வேண்டாம். உள்ளே வியர்த்து அழுகல் வரும். பழ ஈயும் அணிலும் வராமல் இருக்கவும் அதே பை உதவும்.

18. பழம் ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறது. அறுத்தால் சுளை குறைவு, சடைதான் நிறைய. ஏன்?

பலாப்பழம் ஒரு தனிப் பழமன்று. ஒரு கதிரில் இருந்த நூற்றுக்கணக்கான பூக்கள் ஒன்றாக இணைந்து வளர்ந்தது. மகரந்தம் கிடைத்த ஒவ்வொரு பூவும் கொட்டையோடு கூடிய சுளையாகிறது. கிடைக்காத பூ நார்ச் சடையாகவே நின்றுவிடுகிறது. மேலே தெரியும் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. கதிரின் ஒரு பக்கத்துக்கு மகரந்தம் எட்டாதபோது அந்தப் பக்கம் பருக்காமல் சப்பையாகிறது. 14-ஆம் விடையில் சொன்னவை இதற்கும் பொருந்தும். சடை மிகுதியாக இருப்பது ரகத்தின் குணமாகவும் இருக்கலாம். அதை எந்தப் பராமரிப்பாலும் மாற்ற முடியாது.

வெளியே குறையே இல்லாமல், உள்ளே சுளையிலும் சடையிலும் துரு நிறப் புள்ளிகள் காணப்பட்டால் அது ஒரு பாக்டீரியா நோய். காய் பறிக்கும்வரை அடையாளம் தெரியாது. பிஞ்சைச் சிறு பருவத்திலேயே பையிட்டு மூடுவது அதைக் குறைக்கிறது.

19. காய் முற்றிவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு முறையும் முந்திப் பறித்துவிடுகிறேன்.

பெண் கதிர் தோன்றியதிலிருந்து 4 முதல் 6 மாதம் ஆகும். குளிர்ந்த இடத்தில் இன்னும் நீளும். பிஞ்சு பிடித்த நாளைச் சிறு அட்டையில் எழுதிக் காம்பில் கட்டிவைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பிறகு நான்கு அடையாளங்களைச் சேர்த்துப் பாருங்கள். முட்கள் நெருக்கம் விட்டு, கூர்மை மழுங்கித் தட்டையாகியிருக்கும். கரும்பச்சை மாறி, மஞ்சள் கலந்த பழுப்பு ஏறும். காய்க்காம்பில் இருக்கும் கடைசி இலை மஞ்சளாகும். தட்டினால், இளங்காயில் கெட்டியாகக் கேட்ட ஒலி மாறி, முற்றிய காயில் பொத்பொத்தென்று மந்தமான, உள்ளீடற்ற ஒலி கேட்கும். ஒலியை மட்டும் நம்பிப் பறிக்கிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். மூன்று அடையாளமாவது சேர்ந்து வரக் காத்திருங்கள். மணம் வீசும்வரை மரத்திலேயே விட்டால் அணிலும் பறவையும் முந்திக்கொள்ளும். முற்றிய காயைப் பறித்துவைத்தால் 3 முதல் 10 நாளில் பழுத்துவிடும்; முற்றாமல் பறித்தது எத்தனை நாள் வைத்தாலும் இனிக்காது.

20. பறிக்கும்போதும் அறுக்கும்போதும் பால் ஒட்டித் தொல்லை தருகிறது. வழி உண்டா?

காம்பை ஒரு சாண் விட்டு வெட்டி, காயைக் கீழே போடாமல் கயிறு கட்டி இறக்குங்கள். காம்பு கீழ்நோக்கி இருக்கும்படி நிழலில் சாய்த்துவைத்தால் ஒரு மணி நேரத்தில் பால் வடிந்துவிடும். கையிலும் கத்தியிலும் முன்கூட்டியே எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். ஒட்டிவிட்ட பாலைத் தண்ணீர் கரைக்காது; எண்ணெய் தேய்த்து உருட்டி எடுத்த பிறகே சோப்புப் போட வேண்டும். ரப்பர்ப் பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் பலாவிடமும் கவனமாக இருக்க வேண்டும்.

21. நன்றாக இருந்த மரம் திடீரென்று வாடுகிறது. அடிமரத்தில் பழுப்பாக ஏதோ வடிகிறது.

வெட்டிய இடத்தில் வெள்ளைப் பால் வடிவது இயல்பு. வெட்டாத இடத்தில் பட்டை கறுத்து, அழுத்தினால் மெத்தென்று இருந்து, பழுப்பு நிற நீர் கசிந்தால் அது மண்வழிப் பூசணத்தால் வரும் அடிமர அழுகல். ஏறக்குறைய எப்போதும் அதற்கு முன்னோடியாக நீர்த்தேக்கம் இருந்திருக்கும். முதலில் வாய்க்கால் வெட்டி நீரை வெளியேற்றுங்கள். அடிமரத்தை ஒட்டிய மண்ணையும் மூடாக்கையும் விலக்கி, அழுகிய பட்டையை நல்ல பட்டை தெரியும்வரை சுரண்டி எடுத்து, போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசணக்கொல்லிப் பசை) பூசுங்கள். அழுகல் மரத்தைச் சுற்றி வளைத்துவிட்டிருந்தால் காப்பாற்றுவது கடினம்.

துளையும் அதன் கீழே மரத்தூளும் இருந்தால் அது தண்டுத் துளைப்பான் வண்டின் புழு. வளையும் கம்பியை உள்ளே செலுத்திப் புழுவைக் குத்தி எடுத்து, துளையைக் களிமண்ணால் அடையுங்கள். மரம் வாடும்போது மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான் பலரும் முதலில் செய்வது. வேர் அழுகியதால் வாடும் மரத்துக்கு அதுவே முடிவாகிவிடும். 9-ஆம் விடையில் சொன்னபடி மண்ணைத் தோண்டிப் பார்த்த பிறகே நீர் விடுங்கள்.

22. மாடியில் தொட்டியில் வளர்க்கலாமா?

விரைவில் காய்க்கும் ஒட்டுரகத்தை 200 லிட்டர் பீப்பாயில் வைத்துச் சில காய் எடுக்கலாம். ஆனால் ஆணிவேரை ஆழமாக இறக்கி நிற்கும் மரத்துக்கு அது தற்காலிக இருப்பிடமே. நிலம் இருக்கிறவர்கள் நிலத்தில் வையுங்கள். நட்டு இரண்டு மூன்று ஆண்டு ஆன மரத்தைத் தோண்டி இடம் மாற்றலாமா என்பதும் இதையொட்டி வரும் கேள்வி; ஆணிவேர் அறுபடுவதால் பெரும்பாலும் பிழைக்காது.

23. வாங்கிய வீட்டில் 50 அடி உயரத்தில் பழைய பலா நிற்கிறது. பழமெல்லாம் எட்டாத உயரத்தில். வெட்டிவிடுவதா?

அடிமரம் உறுதியாக இருந்தால் வெட்ட வேண்டாம், தாழ்த்தலாம். ஆனால் ஒரே ஆண்டில் தலையை வெட்டி மொட்டையாக்கினால், நிழலிலேயே இருந்து பழகிய பட்டை வெயிலில் வெடித்து, மரம் மேலிருந்து காயத் தொடங்கும். மூன்று ஆண்டுகளாகப் பிரித்துச் செய்யுங்கள்: முதல் ஆண்டு நேராக மேலே போகும் பெருங்கிளைகளில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்த இரண்டு ஆண்டுகளில் மீதி. பழம் பறித்து முடிந்த, மழையில்லாத நாட்கள் இதற்கு ஏற்றவை. இவ்வளவு உயரத்தில் ஏறி வெட்டுவதைக் கயிறு கட்டி வேலைசெய்யத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

வெட்டுவாய் நீர் தேங்காதபடி சாய்வாக இருக்கட்டும். அதன்மேல் போர்டோ பசையும், புதிதாக வெயில் படும் பட்டையின்மேல் சுண்ணாம்பும் பூசுங்கள். சில மாதங்களில் வெட்டிய இடங்களைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். அவற்றின் இலைகள் பிளந்திருந்தால் 7-ஆம் விடையை நினைவில் கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளைமுனையிலும் வெளிப்புறம் நோக்கிய இரண்டு மூன்று துளிர்களை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். இதற்கிடையே அடிமரத்தில் வெளிச்சம் படுவதால், மேற்கிளைகள் மறுபடி விரிவதற்கு முன்பே கைக்கெட்டும் உயரத்தில் பெண் கதிர்கள் தோன்றக்கூடும். முதல் ஆண்டு அவற்றில் ஒன்றிரண்டை மட்டும் நிறுத்துங்கள்.